எழுத்து சிதைவது எங்கே?

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு பிரிவுகளுள் ஒன்று. நிலப்புறம் எங்கும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். தலைமையகமோ வடக்கே புதுச்சேரியில். ஆகவே, இவ்வூரில் எழுதப்படும் விண்ணப்பம் எழுதிய கணினியிலேயே அச்சாகும் என்பதற்கு உறுதியில்லை. திரையில் செம்மையாக இருந்த பெயர் தாளில் சிதைந்தால் நாம் முதலில் அச்சுப்பொறியைப் பழிக்கிறோம். பெரும்பாலும் அது குற்றமற்றது.

முதலில் ஆராய வேண்டியது குறியேற்றம். பாமினி எழுத்துருவில் ‘காரைக்கால்’ என்று தட்டச்சு செய்தால், கணினி சேமிப்பது தமிழை அன்று, ஆங்கிலக் குறிகளையே. ககரத்திற்கு எஃப், துணைக்காலுக்கு எச், புள்ளிக்கு அரைப்புள்ளி. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். ககரத்தின் எண் 2965. ‘ரை’ என்னும் எழுத்தை நோக்குக. பாமினியில் கண் காணும் வரிசைப்படி இணைக்கொம்பு முன்னும் ரகரம் பின்னும் பதிவாகும். ஒருங்குறியிலோ ரகரமே முதலில். கொம்பை முன்னே நகர்த்துவது மென்பொருளின் கடமை. அது அறியாப் பழைய மென்பொருளில் கொம்பு ரகரத்தின் பின்னே தனித்து நிற்கும். இக்குறையைக் கண்டால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. மென்பொருளையே மாற்ற வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. அது இயங்காத மென்பொருள்களுக்கு டேஸ் 16 என்னும் குறியேற்றத்தையும் ஏற்றது. எனினும், பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை. அவற்றைக் குறிமாற்றிக் கருவியால் ஒருங்குறிக்குக் கொணர்ந்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

எழுத்துகள் சரியாக இருந்தும் வரிகள் இடம் மாறினால், காரணம் எழுத்துருவின் அகலம். லதா எழுத்துருவில் அமைத்த கடிதத்தை, அஃது இல்லாத கணினி வேறோர் எழுத்துருவால் நிரப்பும். கையொப்பம் அடுத்த பக்கத்திற்குத் தள்ளப்படும். தாளின் அளவையும் காண்க. ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ.; அமெரிக்க ‘லெட்டர்’ தாள் ஏறத்தாழ 18 மி.மீ. குறைவு.

எழுத்துருக்களை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, அதை மற்றொரு கணினியில் திறந்து பாருங்கள். அங்கும் பிழை இருந்தால் கோப்பே காரணம். அங்குச் சரியாக இருந்து தாளில் மட்டும் பிழை தோன்றினால், அப்போதுதான் அச்சுப்பொறியின் இயக்கி மென்பொருளை ஐயுற வேண்டும். அதைப் புதுப்பிக்க நேரமில்லையெனில், அச்சிடும் அமைப்பில் ‘படமாக அச்சிடுக’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அச்சாகும் வேகம் குறையும். புள்ளியும் கொம்பும் தத்தம் இடத்தில் நிற்கும்.