உள்ளுக்குப் போன சன்னம்

இரணைமடுக் குளத்துக்குக் கீழே வாய்க்கால் துப்புரவாக்கும்போது மண்வெட்டியில் எப்போதாவது ஒரு ரவை தட்டுப்படும். அன்றைக்குத் தட்டுப்பட்டது கட்டையான ஒன்று. எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த ரி-56 துவக்கின் ரவையைப் போல நீளமில்லை, கைத்துவக்கு ரவை. அதன் சன்னம் கோதுக்குள் பாதிக்கு மேல் அமிழ்ந்து கிடந்தது. பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் இதுதான் கதை. “சன்னம் உள்ளுக்குப் போட்டுது அண்ணை, இனி அதுக்குப் பவர் இல்லை” என்றான் அதைக் கண்ட தம்பி.

கடையிலிருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இதை ஆறுதலாகப் பார்ப்போம். ரவையைக் கையில் எடுக்கத் தேவையில்லை. மனதுக்குள் அதை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் போதும்.

ரவைக்குள் நாலு சாமான் உண்டு. பித்தளைக் கோது ஒன்று. அதன் அடியில், நடுவில், உளுந்தளவான ஒரு தொப்பி. துவக்கின் ஊசி அடித்தவுடன் பொறி தருவது இதுதான். கோதுக்குள்ளே மருந்து. வாயை அடைத்தபடி சன்னம். சன்னம் வெடிப்பதில்லை. அது போத்தலுக்குத் தக்கை மாதிரி வெறும் உலோகத் துண்டு. மருந்து எரிந்து வாயுவாகிறது, வாயு தக்கையைத் தள்ளுகிறது, தக்கை குழல் வழியே பறக்கிறது.

அந்த வாயு எவ்வளவு அமுக்கம் தரும்? உலகமெங்கும் பழகிய 9 மில்லிமீற்றர் லூகர் ரவையை எடுத்துக்கொள்வோம். ஜேர்மனியில் ஜோர்ஜ் லூகர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது. அமெரிக்கத் தரப்படி அதற்குள் எழக்கூடிய உச்ச அமுக்கம் 35,000 பிஎஸ்ஐ. மோட்டார் சைக்கிள் ரயருக்குக் கடையில் 30 பிஎஸ்ஐ அளவில் காத்து அடிப்போம். அதைப்போல ஆயிரம் மடங்கு, ஒரு விரல்நுனியளவு கோதுக்குள், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக.

இனி இடத்தைப் பார்ப்போம். அந்தக் கோதின் நீளம் 19.15 மில்லிமீற்றர். தடித்த அடிப்பகுதி கொஞ்சம் போக, சன்னத்தின் வால் கொஞ்சம் போக, மருந்து எரியக் கிடைக்கும் வெளி ஒரு சென்ரிமீற்றர் உயரம்கூட இல்லை. சன்னம் கீழே இறங்கினால் இந்த வெளிதான் சுருங்கும். மருந்து குறையாது. அதே மருந்து, சின்ன அறை.

கொஞ்சம் சுருங்கினால் அமுக்கமும் கொஞ்சந்தானே கூடும் என்று தோன்றும். இங்கேதான் மருந்தின் குணம் தெரிய வேண்டும். அமுக்கம் கூடினால் அது இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அமுக்கம் இன்னும் கூடும். அடுப்பை நாங்கள் ஊதுகுழலால் ஊதி மூட்டுகிறோம். தன்னைத் தானே ஊதிக்கொள்ளும் அடுப்பு ஒன்று இருந்தால் எப்படியிருக்கும், அப்படி.

அமெரிக்காவின் ஸ்பியர் கம்பனியின் கையேடு ஒன்றில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு செப்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்து அமுக்கத்தை அளந்த காலம் அது. 9 மில்லிமீற்றர் ரவையில் சன்னத்தை வேண்டுமென்றே 0.76 மில்லிமீற்றர் கூடுதலாக உள்ளே அழுத்திச் சுட்டுப் பார்த்தார்கள். 28,000 அலகாக இருந்த அமுக்கம் 62,000 ஆனது. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அமுக்கம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

ஆகவே தம்பி சொன்னதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். சன்னம் உள்ளே போன ரவைக்குப் பவர் குறைவதில்லை. யாராவது அதைத் துவக்கில் போட்டுச் சுட்டால், கோது கிழியலாம். துவக்கே கையில் வெடிக்கலாம்.

இந்த ஆழம் பற்றி உலகில் அதிகம் யோசிப்பவர்கள், சுட்ட கோதைப் பொறுக்கி மறுபடி ரவை செய்யும் பொழுதுபோக்குக்காரர். அமெரிக்காவில் இது சாதாரணம். இங்கே இலங்கையில் உரிமமில்லாமல் செய்தால் குற்றம். அவர்களில் பலர் சன்னத்தையும் தாங்களே வார்ப்பார்கள். குளத்தில் வீச்சுவலை எறிபவரின் ஈயமணியை நினைத்துக்கொள்ளுங்கள்: அதே ஈயம், இறுக்கத்துக்குக் கொஞ்சம் வெள்ளீயமும் அன்ரிமனியும், ஓர் அச்சு. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். குழலில் அது ஒட்டாமலிருக்கச் சன்னத்தைச் சுற்றியிருக்கும் வரிப்பள்ளத்தில் கொழுப்போ மெழுகோ பூசுவார்கள். ஈயச் சன்னத்துக்கு வழுக்கல் வேண்டும் என்ற இந்தத் தேவையை 1857ஐப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். என்ஃபீல்ட் ரவைக் கடதாசியில் மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் பூசியிருக்கிறது என்ற பேச்சுத்தான் இந்தியச் சிப்பாய்களைக் கிளப்பியது.

வார்ப்புச் சன்னத்தில் ஒரு கண்ணி உண்டு. புதிதாகச் செய்பவர் ரவையின் முழு நீளத்தை அளந்து, புத்தகத்திலிருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால் திருப்திப்படுவார். ஆனால் அச்சுக்கு அச்சு சன்னத்தின் வடிவம் வேறு. ஒன்றுக்குக் கூர்மூக்கு, ஒன்றுக்குச் சப்பை மூக்கு. வெளியே இரண்டும் ஒரே நீளம் காட்டும். உள்ளே ஒன்றின் வால் மற்றதைவிட ஆழத்தில் நிற்கும். அளக்க வேண்டியது கோதுக்குள் மறைந்திருக்கும் பகுதியைத்தான். சன்னத்தின் முழு நீளத்தோடு கோதின் நீளத்தைக் கூட்டி, அதிலிருந்து ரவையின் முழு நீளத்தைக் கழித்தால் அது வந்துவிடும்.

அப்படியானால் ஆழமாக அழுத்தாமல் வெளியே நீட்டி வைத்தால் என்ன? அதுவும் சரிவராது. குழலுக்குள் சன்னத்தைச் சுழற்றும் சுருள்வரிகள் இருக்கின்றன. வார்ப்புச் சன்னத்தின் தடித்த தோள் அவற்றில் முட்டி நிற்கும்; ரவை முழுதாக உள்ளே போகாது. அதனால் அவர்கள் குழலைக் கழற்றி, செய்த ரவையை அதற்குள் விழவிட்டுப் பார்ப்பார்கள். ‘டக்’ என்று விழுந்து, விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும். முட்டினால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்துவார்கள். கவனமுள்ளவர் அதோடு மருந்தையும் குறைத்துத் திரும்பத் தொடங்குவார்.

புட்டு அவிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. குழலில் மாவை இறுக்கி அடைத்தால் ஆவி மேலே வராது, பானை திணறும். தளர்வாக விட்டால் புட்டு உதிரும். எவ்வளவு அடைப்பது என்பதைக் கை பழகித்தான் தெரிந்துகொள்கிறது. புட்டில் பிழைத்தால் ஒரு நேரச் சாப்பாடு போகும். ரவையில் பிழைத்தால் போவது விரல்.

“அப்ப ஊறிக் கறள் பிடிச்சதுக்கும் உயிர் இருக்குமோ?” என்று கடைக்கார ஐயா கேட்டார். ஈரமும் வயதும் மருந்தைக் கெடுத்திருக்கலாம், கெடுக்காமலும் விட்டிருக்கலாம். வெளியே பார்த்துச் சொல்ல ஏலாது. குப்பையோடு சேர்ந்து நெருப்பில் விழுந்தால், குழல் இல்லாததால் சன்னம் துவக்கிலிருந்து போவதுபோல் பறக்காது. ஆனால் கோது கிழிந்து பித்தளைத் துண்டுகள் தெறிக்கும். ஒரு கண் போக அது காணும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு ரவை கிடக்கும் மண்ணில் அது மட்டுமே கிடக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் 2002 முதல் இந்த மண்ணில் கண்ணிவெடி பொறுக்குகின்றன. வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே எது தட்டுப்பட்டாலும் தொடாதீர்கள், தோண்டாதீர்கள், வந்த வழியே பின்னால் வாருங்கள். தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அழையுங்கள். தம்பி அதைத்தான் செய்தான். அந்தத் துண்டு வாய்க்கால் மட்டும் இரண்டு நாள் பிந்தித் துப்புரவானது.