அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்

அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்களின் கணினிகளை இலவசமாகச் சோதித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பயன்பட்ட மென்பொருளின் பெயர் 'பிசி ஹெல்த் செக்'. சோதனை தொடங்குமுன் நான்கு கேள்விகள் கேட்கப்படும்: கணினி மெதுவாகிவிட்டதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா, அடிக்கடி நின்றுபோகிறதா, வேண்டாத விளம்பரங்கள் திரையில் முளைக்கின்றனவா. இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று குறித்தால் போதும். கணினிக்குள் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீய மென்பொருளின் அறிகுறி தெரிவதாகக் கடைசியில் முடிவு வந்துவிடும். அந்த முடிவைக் காட்டி 300 டாலர் வரை சரிசெய்யும் சேவையை விற்றார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் இதை வழக்காக்கியது. 2019 மார்ச்சில் ஆஃபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனம் 1 கோடி டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன.

இத்தனை ஆண்டுகள் அது ஓடியதற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளரின் கண்ணில் பட்டது தீர்ப்பு மட்டுமே. எதை அளந்து அந்தத் தீர்ப்புக்கு வந்தார்கள் என்பதை யாரும் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. நேர்மையாகத் தொழில் செய்யும் கடைகளிலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. 'டிஸ்க் போயிடுச்சு, மாத்தணும்', 'போர்டு ஹீட் ஆகுது' என்று வாய்வார்த்தையாக வரும் முடிவை நம்பித்தான் நாம் பணத்தை எடுத்து வைக்கிறோம். கணினியின் நிலையைக் கண்காணிக்கும் மென்பொருள் தருவது அளவீடு. 'பழுது' என்பது அந்த அளவீட்டைப் பார்த்து ஒரு மனிதர் எடுக்கும் முடிவு. இரண்டுக்கும் நடுவே தவறு நுழைய நிறைய இடமிருக்கிறது. ஆகவே அளவீட்டைக் காட்டாமல் சொல்லப்படும் முடிவை நாம் ஏற்கக் கூடாது என்பதே என் வாதம். காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. காட்டி விளக்குவதுதான் தொழில்நுட்ப உதவி என்ற பெயருக்குத் தகுதியான வேலை.

ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொள்வோம். பழுதாகுமுன் டிஸ்க் தானே எச்சரிக்க வேண்டும் என்ற எண்ணத்தை 1992இல் ஐபிஎம் தன் டிஸ்குகளில் செயல்படுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் காம்பாக்கும் டிஸ்க் தயாரிப்பாளர்களும் சேர்ந்து வளர்த்ததுதான் இன்று 'ஸ்மார்ட்' என்று அழைக்கப்படும் ஏற்பாடு. இப்போது விற்பனைக்கு வரும் ஏறக்குறைய ஒவ்வொரு ஹார்ட் டிஸ்கும் எஸ்எஸ்டியும் தன்னைப் பற்றிய குறிப்பேடு ஒன்றைத் தனக்குள்ளேயே எழுதிவைக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, வெப்பம் எவ்வளவு, தரவு எழுதப்படும் சிறு பகுதிகளான செக்டர்களில் எத்தனையைக் கெட்டுப்போனவை என்று ஒதுக்கிவிட்டு மாற்றிடம் கொடுத்தது, படிக்க முடியாமல் எத்தனை செக்டர்கள் நிலுவையில் கிடக்கின்றன என்பதெல்லாம் அதில் இருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இந்தக் குறிப்பேட்டைத் திறந்து நமக்குக் காட்டுகின்றன. ஒரே குறிப்பேட்டை வைத்து இரண்டு விதமான தீர்ப்பு வருவதும் உண்டு. தயாரிப்பாளர் வகுத்த எல்லையைத் தாண்டாதவரை டிஸ்க் தன்னைத் 'தேறியது' என்றே அறிவிக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவோ நிலுவையில் ஒரேயொரு செக்டர் இருந்தாலே மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கும். இதில் எந்த மென்பொருளும் பொய் சொல்லவில்லை. ஒன்று பொறுமையாக இருக்கிறது, மற்றது முன்ஜாக்கிரதையாக இருக்கிறது. அந்த ஒரு செக்டர், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதால் அரைகுறையாக நின்றதாக இருக்கலாம். அப்படியானால் அதே இடத்தில் மறுபடி எழுதப்படும்போது எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். டிஸ்கின் மேற்பரப்பு உரியத் தொடங்கியதன் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம். எது என்பதை மஞ்சள் நிறம் சொல்லாது. இன்றைய எண்ணையும் அடுத்த வாரத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எண்ணைத் தப்பாகப் படிப்பதால் நல்ல பாகம் குப்பைக்குப் போவதும் உண்டு. குறிப்பேட்டில் 199 என்ற வரிசை எண்ணில் ஒரு பிழைக்கணக்கு இருக்கிறது. டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஓடும் தரவு வழியில் சிதைந்தால் அந்தக் கணக்கு ஏறும். பெரும்பாலும் குற்றவாளி சாட்டா கேபிள். மலிவான ஒரு கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடும். ஆனால் ஏறிய கணக்கு இறங்கவே இறங்காது. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண்ணே நிற்கும், இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறது என்று தோன்றும். அந்த எண் மேலும் ஏறுகிறதா என்று பார்க்கத் தெரியாதவர் டிஸ்கையே மாற்றிவிடுவார். புது டிஸ்க் அதே பழைய கேபிளில் மாட்டப்பட்டால் கோளாறும் கூடவே வரும். இன்னொன்று சீகேட் டிஸ்குகளின் படிப்புப் பிழை எண். கோடிக்கணக்கில் ஓடும் அந்த எண்ணைப் பார்த்துப் பதறாதவர் இல்லை. உண்மையில் அது இரண்டு எண்கள் சேர்ந்த ஒன்று. மேற்பகுதியில் பிழைகளும் கீழ்ப்பகுதியில் மொத்தச் செயல்களின் எண்ணிக்கையும் இருக்கின்றன. பிரித்துப் படித்தால் பல நேரங்களில் பிழை பூஜ்யமாக இருக்கும்.

வெப்பநிலைக்கும் இது பொருந்தும். 2017இல் ஏஎம்டியின் முதல் ரைசன் சிப்புகள் வந்தபோது 1700எக்ஸ், 1800எக்ஸ் வாங்கியவர்கள் திரையில் தெரிந்த சூட்டைக் கண்டு திகைத்தார்கள். மின்விசிறிகள் எல்லா மாடல்களிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதற்காக அந்தச் சிப்புகள் உண்மை வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டியே அறிவித்தன. 38 டிகிரியில் இருக்கும் சிப் 58 என்று காட்டும். நிறுவனம் விளக்கம் தந்து, மென்பொருள் எழுதுபவர்கள் அந்த 20ஐக் கழிக்கப் பழகும்வரை பலர் தேவையில்லாமல் கூலரைச் சந்தேகித்தார்கள். மதர்போர்டில் வெப்பத்தையும் வோல்டேஜையும் அளக்கும் சிறு சிப்பில் எதனுடனும் இணைக்கப்படாத உள்ளீடுகள் இருக்கும். அவற்றையும் படிக்கும் மென்பொருள் 127 டிகிரி என்றோ, பூஜ்யத்துக்கும் கீழே என்றோ அர்த்தமில்லாத எண்களைக் காட்டும். 12 வோல்ட் இணைப்பைச் சிப் நேரடியாக அளப்பதில்லை. மின்தடைகளால் குறைத்த அளவை வாங்கிப் பெருக்கிக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த போர்டுக்கு உரிய பெருக்கல் எண் தெரியாவிட்டால், நல்ல பவர் சப்ளை கெட்டதாகத் தெரியும். ஒரு மல்டிமீட்டரால் அளந்து பார்த்தால் உண்மை விளங்கிவிடும். அப்படி அளப்பதற்குக் கடையில் ஒருவர் நேரம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னவை சிவப்பு என்றால் பழுது என்று நம்புவதால் வரும் நட்டம். பச்சை என்றால் பாதுகாப்பு என்று நம்புவது இதைவிட ஆபத்தானது. தன் தரவு மையங்களில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதை முன்கூட்டிச் சொல்வதில் வலுவானவை என்று அவர்கள் கண்ட நான்கு அடையாளங்களில் ஒன்றுகூட இல்லாமல் செத்துப்போன டிஸ்குகள், செத்தவற்றில் 56 சதவீதத்துக்கும் மேல். பாதிக்கு மேல் எச்சரிக்கை இல்லாமலே போயிருக்கின்றன. அதே ஆய்வின் மறுபக்கமும் முக்கியம். டிஸ்க் தன் மேற்பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழைக்கு ஸ்கேன் பிழை என்று பெயர். அது முதன்முறையாக வந்துவிட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆயிரக்கணக்கான டிஸ்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2016இல் தந்த கணக்கும் இதே திசையில் போகிறது. பழுதான டிஸ்குகளில் 76.7 சதவீதம், அவர்கள் கவனிக்கும் ஐந்து எண்களில் ஒன்றிலாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதம் மட்டுமே அப்படி. எச்சரிக்கை வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வராவிட்டாலோ அதை நம்பி பேக்கப்பைத் தள்ளிப்போடக் கூடாது. 'நல்ல நிலை' என்று காட்டியதால் குடும்பப் படங்களை ஒரே டிஸ்கில் விட்டுவைத்து இழந்தவருக்கு மென்பொருள் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எந்த எச்சரிக்கையும் காட்டாத அபாயத்தை ஹெவ்லெட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் 2019 நவம்பரில் அறிவித்தது. சர்வர்களில் போட்ட அதன் சில எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழக்கும், தரவையும் மீட்க முடியாது என்றது அந்த அறிவிப்பு. கணக்குப் பார்த்தால் 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம். 2ஐ 15 முறை பெருக்கினால் கிடைக்கும் எண் அது. டிஸ்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் கிடந்த கோளாறு, ஒரு புதுப்பிப்பால் சரியாகிவிட்டது. ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிஸ்குகள் ஒரே நாளில் சாகும் என்பதால், ஒன்று போனாலும் இன்னொன்று காக்கும் என்ற ஏற்பாடும் அங்கே கைகொடுத்திருக்காது. குறிப்பேட்டில் 'ஓடிய மணி நேரம்' என்ற வரியை யாரும் கெட்ட செய்தியாகப் படிப்பதில்லை. எந்த மாடல், எந்த ஃபர்ம்வேர் பதிப்பு என்று கேட்டு, தயாரிப்பாளரின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த மனிதரால்தான் அந்த டிஸ்குகளைக் காப்பாற்ற முடிந்திருக்கும். நல்ல தொழில்நுட்ப உதவி அலுத்துப்போகும் அளவுக்கு விவரம் கேட்பது இதனால்தான்.

சாதாரண ஆளுக்கு இந்த எண்கள் புரியாதே, காட்டி என்ன பயன் என்று கேட்கலாம். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் உள்ள எல்லா வரியும் நமக்குப் புரிவதில்லை. ஆனாலும் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொள்கிறோம், இன்னொரு மருத்துவரிடம் காட்ட அது உதவுகிறது. கணினி அறிக்கையும் அப்படித்தான். திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விவரம் தெரிந்த ஒருவர் இரண்டே நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார். பொதுவெளியில் பகிர்வதாக இருந்தால் டிஸ்கின் சீரியல் எண்ணை மட்டும் மறைத்துவிட வேண்டும்.

கடைக்காரர் பக்கம் இருந்து வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. கண்டுபிடிக்கச் செலவாகும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை, பாகத்தை மாற்றினால்தான் வருமானம் என்கிறார்கள். இது முழு உண்மை. அதில் கடைக்காரரின் குற்றம் கொஞ்சமே. சோதனையை இலவசமாக எதிர்பார்க்கும் நம் பழக்கம்தான் அவரைப் பாகம் விற்பவராக்குகிறது. ஆஃபீஸ் டிப்போவிலும் சோதனை இலவசம்தான். சோதித்து, எழுதிக் கொடுக்க இவ்வளவு என்று தனிக் கட்டணம் வைக்கும் கடைக்கு நாம் மனமுவந்து பணம் தர வேண்டும். 'பழுது இல்லை' என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பணம் வீண் இல்லை. அப்படிச் சொல்வதில் லாபம் இருந்தால்தான் அதைச் சொல்ல ஆள் இருப்பார்.

சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவதே பத்திரம் என்பார்கள் சிலர். பணம் இருப்பவருக்கு அது ஒரு வழியாக இருக்கலாம். ஆனால் பத்திரத்தைத் தருவது பேக்கப், புது டிஸ்க் அல்ல. புதிய டிஸ்குகளும் சாகத்தான் செய்கின்றன. 'புதியது' என்று விற்கப்படுவது புதியதுதானா என்பதற்கும் அறிக்கை வேண்டும். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ தொழில்நுட்பச் செய்தித் தளம், புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் எக்ஸோஸ் டிஸ்குகள் பல ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று வெளிப்படுத்தியது. ஸ்மார்ட் குறிப்பேட்டில் மணிக்கணக்கை யாரோ அழித்திருந்தார்கள். அதை மட்டும் பார்த்தவருக்கு டிஸ்க் புத்தம் புதிதாகத் தெரிந்தது. சீகேட் டிஸ்குகளில் 'ஃபார்ம்' என்ற இரண்டாவது பதிவு ஒன்று இருக்கிறது, அங்கே உண்மையான மணிக்கணக்கு அழியாமல் கிடந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த வாடிக்கையாளர்களால்தான் விஷயம் வெளியே வந்தது. ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்புகள் அந்த இரண்டாவது பதிவையும் படித்துக் காட்டுகின்றன. டிஸ்க் வாங்கிய அன்றே இரண்டையும் எடுத்து பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்டால், நாளைக்கு வாரண்டி கேட்கப் போகும்போதும் பேச்சு அந்த எண்களிலிருந்தே தொடங்கும்.