தங்கமீன் தொட்டியும் தண்ணீரைத் தெளிய வைக்கும் உயிர்களும்

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் குடிநீர் தருவது காவிரியும் கொள்ளிடமும். கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் ஆற்றுப்படுகையிலேயே கிணறு இறக்கி, மணலுக்கு அடியில் ஊறிவரும் நீரை எடுக்கிறார்கள். புதுவெள்ளம் வந்து அம்மா மண்டபப் படித்துறையில் காவிரி செந்நிறமாக ஓடும்போதும் மணலுக்கு அடியில் ஊறும் நீர் பெரிதும் தெளிந்தே இருக்கும். மணல் வண்டலை மட்டும் தடுப்பதில்லை. ஒவ்வொரு மணற்பரலின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. நீரில் கரைந்து வரும் கழிவை அது உண்டு தீர்க்கிறது.

வீட்டு மீன்தொட்டியில் ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு செய்வதும் இதையேதான். இதை அறியாததால்தான் பலர் வீட்டில் தங்கமீன்கள் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. தண்ணீர் கலங்கியதும் தொட்டியைக் கவிழ்த்து, கூழாங்கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் நிரப்புகிறோம். இரண்டு நாள் பளிச்சென்று இருக்கும். மூன்றாம் நாள் மறுபடியும் கலங்கும். அழுக்கோடு சேர்த்து, அழுக்கை அகற்றும் உயிர்களையும் கழுவிக் கொட்டிவிடுவதே காரணம்.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெண்டை வகை ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. கட்லா, ரோகு எல்லாம் அதன் உறவுகள். இந்தக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போய்விடும். அதனால் நாள் முழுதும் கொறித்துக்கொண்டே இருக்கும், கழிவும் அதற்கேற்ப மிகுதி. அந்தக் கழிவில் மிகக் கொடியது அமோனியா. அதில் பெரும்பகுதி செவுள்கள் வழியாகவே நீரில் கலக்கிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அமோனியாதான்.

அந்த நஞ்சை இரண்டு கட்டமாக மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்கும், மற்றொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதலிரண்டும் மீனைக் கொல்லக்கூடியவை. நைட்ரேட் ஓரளவு வரை தீங்கு செய்யாது. 1890-ஐ ஒட்டி நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியும் என்பது 2015-ல்தான் உறுதியானது. அதைக் கண்டறிந்த இரு ஆய்வுக் குழுக்களில் ஒன்று, நெதர்லாந்தில் ஒரு மீன்வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்து அந்த உயிரைப் பெற்றது.

இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. புதுத்தொட்டியில் அவை நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அழுகலை உண்ணும் வேறு வகைப் பாக்டீரியாக்களோ ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிக்கக் கூடியவை. புதுத்தொட்டியிலும், முற்றாகக் கழுவிய தொட்டியிலும் சில நாளில் பால் கலந்தது போல வெண்மையாகக் கலங்குவது இவற்றின் பெருக்கத்தால்தான். அப்போது தண்ணீரை முழுதும் மாற்றினால் கதை முதலிலிருந்து தொடங்கும். தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, ஏர் பம்பை இரவும் பகலும் ஓடவிட்டு, நாளுக்குக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் மாற்றிவந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் தெளியும். மீன் நீர்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றே கால் பங்கு நீரை மாற்ற வேண்டும்.

பச்சைக் கலங்கலின் காரணம் வேறு. அது நீரில் மிதக்கும் ஒருசெல் பாசி. வெயிலும், நைட்ரேட்டும், தீவனத்திலிருந்து வரும் பாஸ்பேட்டும் கிடைத்தால் போதும், பெருகிவிடும். கோடையில் மலைக்கோட்டை அடிவாரத் தெப்பக்குளம் பச்சையாவதும் இதே விதிப்படிதான்: தேங்கிய நீர், திறந்த வானம், உள்ளே விழும் உணவும் குப்பையும். இத்தகைய குளங்களையே ஆய்வுக்கூடமாகக் கொண்டவர் இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963). சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், தென்னிந்தியக் குளங்களில் பச்சை உருண்டைகளாக நீந்தும் வால்வாக்ஸ் வகைப் பாசிகளை விரிவாக ஆராய்ந்தார். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் 1991 முதல் கடல்வாழ் நீலப்பசும்பாசிகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. தொட்டியின் கல்மீது வழுவழுப்பான ஏடாகப் படர்ந்து, கெட்ட வாடை வீசும் கரும்பச்சைப் படலமும் நீலப்பசும்பாசிதான். அது உண்மையில் பாக்டீரியா வகை.

பச்சைநீரைப் பார்த்துப் பதற வேண்டாம். கெண்டை வளர்க்கும் விவசாயிகள் குளத்தில் சாணம் இட்டு அதை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். ஜப்பானில் ராஞ்சு வகைத் தங்கமீன் வளர்ப்போரும் அதை விரும்பிப் பேணுகிறார்கள். பரந்த குளத்தில் அது நன்மை. சிறு கண்ணாடித் தொட்டியில் அளவு மீறும்போது மீனுக்கு இரு முனையில் ஆபத்து வருகிறது. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறும், அதாவது பி.எச். உயரும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் ஆயிரத்தில் ஆறு பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 9 ஆனால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். இரவில் அதே பாசி ஆக்சிஜனைச் செலவழிக்கும். பச்சைத் தொட்டியில் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் இறப்பது இதனால்தான்.

திருச்சியின் சித்திரை வெயில் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏந்தும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். தங்கமீனோ குளிர்நாட்டு மீன். எனவே தொட்டியை சன்னல் வெயில் படாத சுவரோரம் வையுங்கள். விளக்கை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று படச் செய்தால் வெப்பம் சற்றுத் தணியும். பச்சை மிகுந்துவிட்டால் பாதி நீரை மாற்றி, மூன்று நான்கு நாள் தொட்டியைக் கெட்டித் துணியால் மூடி வைக்கலாம். அப்போது ஏர் பம்பு நிற்கவே கூடாது, ஏனென்றால் மடியும் பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். கண்ணாடியில் படியும் பழுப்புநிறத் தூள் டயாட்டம் என்னும் பாசி. புதுத்தொட்டியில் வருவது, துடைத்தால் போய்விடும், நாளடைவில் தானே குறையும்.

குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளிய வைப்பது நம் பழைய வழக்கம். படிகாரமும் அவ்வாறே. மண் துகள்களை ஒன்றுகூட்டி அடியில் படிய வைப்பதே இரண்டின் வேலை. அமோனியாவை அவை தொடுவதில்லை. படிகாரம் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டவும் செய்யும், அதிலுள்ள அலுமினியம் செவுள்களைத் தாக்கும். மீன்தொட்டிக்கு இரண்டும் வேண்டாம்.

வாராந்தரப் பராமரிப்பு எளிது. கால் பங்கு நீரை, கல்லுக்கு அடியிலுள்ள கசடோடு, குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள். மாநகராட்சிக் குழாய்நீரில் அலசக் கூடாது, அதில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்த்திருக்கிறது. நமக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளுக்கும் ஸ்பாஞ்சின் பாக்டீரியாவுக்கும் கேடு. தொட்டியில் ஊற்றும் நீரை ஒருநாள் திறந்த வாளியில் வைக்கலாம், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை அளவோடு இடலாம். போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்றாலும் உப்பு மிகுதி. அதையும் சில மணி நேரம் காற்றோட்டம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகவே பழக்க வேண்டும். ஒரு மீனுக்கு 40 லிட்டராவது இருக்கட்டும், வளர வளர இன்னும் பெரிய தொட்டி தேவை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீவனம் போடுங்கள்.

பாசிக்கு மருந்து என்று கடைகளில் டேங்க் கிளீனர் மீனைத் தருவார்கள். அது தென்னமெரிக்கக் கெளுத்தி. மிதக்கும் பச்சைப் பாசியை அதனால் உண்ண முடியாது. தன் கழிவால் அமோனியாவைக் கூட்டும். வளர்ந்து தொட்டிக்கு அடங்காமல் போகும்போது சிலர் அதைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தமிழக நீர்நிலைகள் பலவற்றில் அது இன்று பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது, நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கிறது. வளர்க்க முடியாத மீனைக் கடையிலோ, வளர்க்கும் வேறொருவரிடமோ ஒப்படையுங்கள். தங்கமீனானாலும் சரி, காவிரியிலோ கொள்ளிடத்திலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள்.