சாவி கைக்கு வந்தா வண்டி உங்களுதா?

பிளேஸ்மென்ட் ஆஃபர் வந்த கையோட நம்ம பசங்க பாதிப் பேர் போற இடம் ஷோரூம். அதுல தப்பே இல்ல, வண்டியைச் சுத்தி வளர்ந்த ஏரியாதானே இது. திருவொற்றியூர்ல 1950-கள்லயே புல்லட் தயாராக ஆரம்பிச்சது, எண்ணூர்ல லேலண்ட் இருக்கு, காமராஜர் துறைமுகத்துல கார்கள் கப்பல் ஏறுது. மைலேஜ், டார்க்னு கேட்டா நம்மாளுங்க தூக்கத்துலயும் சொல்வாங்க. ஆனா வண்டியோட பேப்பர் பத்திக் கேட்டா முழிப்போம். பின்னாடி தலைவலி வர்றது பெரும்பாலும் அந்தப் பேப்பர்லதான்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். தவணையில எடுக்கிற வண்டியை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 51-ஆவது பிரிவு மூணு வகையா பாக்குது.

லீஸ்: வண்டி கம்பெனியோடது. நீங்க மாசாமாசம் வாடகை கட்டி ஓட்டறீங்க, காலம் முடிஞ்சா திருப்பிக் கொடுக்கணும்.
ஹயர் பர்ச்சேஸ்: கடைசித் தவணை கட்டின பிறகுதான் வண்டி உங்களுது.
ஹைப்பாதிகேஷன்: வண்டி உங்களுது, ஆனா கடன் தீர்ற வரை அது ஈடு. நம்ம ஊர்ல பைக் லோன், கார் லோன் பெரும்பாலும் இதுதான்.

இதுல எதுவா இருந்தாலும் ஃபைனான்ஸ் கம்பெனி பேர் ஆர்.சி.ல ஏறிடும். அதனால உங்க ஒப்பந்தம் எந்த வகைன்னு கையெழுத்துக்கு முன்னாடியே கேளுங்க.

கையெழுத்துப் போடும்போது

ஒரு கட்டு பேப்பரைக் கொடுத்து, டிக் அடிச்ச இடத்துல எல்லாம் போடச் சொல்வாங்க. படிவம் 20 பதிவுக்கானது, அது தேவை. நடுவுல நிரப்பாத படிவம் 29, 30 இருந்தா பேனாவைக் கீழ வைங்க. அது வண்டியை வேற ஒருத்தர் பேருக்கு மாத்தற படிவம். புதுசா வாங்கறவர் அதுல கையெழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்ல.

வட்டியையும் நாமளே கணக்குப் போட்டுப் பாக்கணும். ஒரு லட்சம் ரூபா கடன், மூணு வருஷம், 'ஃப்ளாட் 10 சதவீதம்'னு வைங்க. மாசம் சுமார் 3,611 ரூபா வரும். அசல் மாசாமாசம் குறைஞ்சுட்டே வந்தாலும் வட்டி முழு ஒரு லட்சத்துக்கும் போடறதால, உண்மையான வட்டி ஆண்டுக்கு கிட்டத்தட்ட 18 சதவீதம். எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டற 'முக்கிய விவர அறிக்கை'யைக் கடன் கொடுக்கிறவர் தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. 2024 அக்டோபர் 1-ல இருந்து புதுக் கடன்களுக்கு அது அமல்ல இருக்கு. கேட்டு வாங்குங்க.

'இன்சூரன்ஸ் அஞ்சு வருஷம் இருக்கு சார்'னு சொன்னா, எதுக்குன்னு திருப்பிக் கேளுங்க. புது பைக்குக்கு அஞ்சு வருஷம், காருக்கு மூணு வருஷம் கட்டாயம்ங்கிறது மூணாம் நபர் காப்பீடு மட்டும்தான். உங்க வண்டிக்கு ஆகற சேதத்துக்கான காப்பீடு பல பாலிசியில ஒரு வருஷம்தான் இருக்கும். தேதியைப் பாருங்க.

கடன் முடிஞ்சதும்

கடைசி இ.எம்.ஐ. போனதும் எல்லாம் முடிஞ்சதுன்னு இருந்துடாதீங்க. ஆர்.சி.ல ஃபைனான்ஸ் பேர் தானா அழியாது. கம்பெனிகிட்ட என்.ஓ.சி.யும் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ.வுல கொடுத்துப் பேரை எடுக்கணும். இதை அப்படியே விட்டா, வண்டியை விக்கிற அன்னிக்குத்தான் மாட்டிக்கிட்டது தெரியும்.

விக்கும்போது

பெரிய ஆபத்து இங்கதான். பழைய வண்டியைக் கொடுத்துட்டு, 'பேர் மாத்தறதை நாங்க பாத்துக்கறோம்'ங்கிற பேச்சை நம்பி வந்துடறோம். அந்த வண்டி எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல யாரையாவது இடிச்சா என்ன ஆகும்? 2018-ல நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் இதுக்குத் தெளிவா பதில் சொல்லிடுச்சு. 2007-லயே வித்த கார் பல கை மாறி, 2009-ல விபத்து நடந்தது. அப்பவும் ஆர்.டி.ஓ. பதிவுல பேர் இருந்தவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு தீர்ப்பு. மாசம் இருபதாயிரம் சம்பளத்துல வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர் மேல அப்படி ஒரு இழப்பீடு விழுந்தா யோசிச்சுப் பாருங்க.

விக்கிறவர் 14 நாளுக்குள்ள, வாங்கறவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும்ங்கிறது சட்டம். டீலர்கிட்ட கொடுத்தா, அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கினவரான்னு கேளுங்க. 2023 ஏப்ரல்ல வந்த விதிப்படி, அங்கீகாரம் உள்ள டீலர்கிட்ட வண்டியை ஒப்படைச்சதை படிவம் 29சி மூலமா பதிவு பண்ணலாம். அதுக்கப்புறம் பொறுப்பு டீலருக்குப் போயிடும்.

கடைசியா ஒண்ணு. வாங்கினாலும் வித்தாலும், ஒரு மாசம் கழிச்சு எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. உரிமையாளர் பேர், இன்சூரன்ஸ் தேதி, ஃபைனான்ஸ் விவரம் மூணும் நீங்க நினைச்ச மாதிரி இருக்கான்னு சரிபாருங்க. இல்லன்னா அன்னிக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கிளம்புங்க.