இரண்டும் பெண்ணா? நிலத்துக்கு வாரிசு இருக்கிறது!

உழவர் பயிற்சி முகாம்களில் மண்வளம் பற்றிப் பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும். தொழு உரம் இடுங்கள், கிணற்றைத் தூர் வாருங்கள், வரப்போரம் தென்னை வையுங்கள் என்று சொன்னால், பின்வரிசையிலிருந்து ஒருவர், "எனக்கு இரண்டும் பெண்ணுங்க. இதையெல்லாம் யாருக்காகச் செய்யறது?" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். கேட்டவர் சிரிக்க மாட்டார்.

இந்த எண்ணம் நிலத்துக்கும் கேடு, பிள்ளைகளுக்கும் கேடு. "யாருக்காக?" என்று நினைக்கும் உழவர் முதலில் எருவை நிறுத்துகிறார். பிறகு மரம் வைப்பதில்லை. வந்த விலைக்குக் குத்தகைக்கு விடுகிறார். கடைசியில் மூத்தவள் கல்யாணத்துக்கு ஓர் ஏக்கர், இளையவள் கல்யாணத்துக்கு ஓர் ஏக்கர் என்று இரண்டு ஏக்கரும் கைமாறி விடுகின்றன. வயதான காலத்தில் கணவனும் மனைவியும் பிறர் காட்டில் கூலிக்குப் போகிறார்கள். பெண்களுக்கும் அவசரத்துக்குத் திரும்பி வர ஓர் இடம் இல்லாமல் போகிறது.

ஆகவே, வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் வளரும் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளை இங்கே பார்ப்போம்.

வாரிசு யார்?

ஆண் பிள்ளை இல்லாத நிலம் பங்காளிக்குப் போகும் என்று இன்றும் பல ஊர்களில் பேசுகிறார்கள். இது தவறு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, சுயமாகச் சம்பாதித்த நிலத்தை வைத்திருப்பவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகள்கள், தாயார் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகள். இவர்கள் இருக்கும்போது அண்ணன் தம்பிக்கோ அவர்கள் பிள்ளைகளுக்கோ அதில் பங்கு இல்லை. இரண்டு ஏக்கர், அதாவது 200 சென்ட் நிலம் என்றால், மனைவிக்கும் இரு மகள்களுக்கும் ஆளுக்கு 66 சென்டுக்குச் சற்று மேல் சேரும். இறந்தவரின் தாயாரும் இருந்தால் நால்வருக்கும் 50 சென்ட் வீதம் சேரும்.

பாட்டன் சொத்து எனப்படும் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாமல் இருந்த பெண்களுக்கு இவ்வுரிமை தரப்பட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் திருமணமான பெண்களுக்கும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று தெளிவாக்கி விட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்து முடிந்த பாகப் பிரிவினைகளை மட்டும் இதைக் காட்டித் திறக்க முடியாது. கிறிஸ்தவக் குடும்பங்களில் 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியத் சட்டம் பொருந்தும்.

இங்கே ஒன்றையும் மனதில் கொள்ள வேண்டும். உங்கள் பெண்களுக்கு உரிமை தரும் இதே சட்டம் உங்கள் அக்கா, தங்கைகளுக்கும் பொருந்தும். அவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர், நாளை தன் மகளுக்கு நியாயம் கேட்க முடியாது.

பல வீடுகளில் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. உரியவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் சரிசெய்து கொள்வது எளிது. பட்டா, சிட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். உயில் எழுதினால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்வதே பாதுகாப்பு. உயிரோடு இருக்கும்போதே தான செட்டில்மெண்டு எழுதிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டை அப்படி எளிதில் மாற்ற முடியாது. சிக்கல் இருந்தால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

உணவில் குறை வைக்காதீர்கள்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இதன் தொடக்கம் பெரும்பாலும் வளரும் பருவத்தில்தான். 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை. அதே வயதுப் பையனுக்கு 22 மில்லிகிராம் போதும். ஆக, வீட்டிலேயே அதிகம் தேவைப்படுபவள் வளரும் பெண். ஆனால் பல வீடுகளில் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுபவர்கள் தாயும் மகள்களுமே.

தீட்டிய அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கம்பில் சுமார் 6 மில்லிகிராம் உண்டு. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. விளைந்த கம்பையும் கேழ்வரகையும் முழுவதும் விற்றுவிடாமல், வீட்டுக்கென்று சில மூட்டை ஒதுக்கி வையுங்கள்.

ஐந்து சென்ட் இடமிருந்தால் நால்வருக்கு வேண்டிய காய்கறியைப் பெருமளவு வீட்டிலேயே எடுக்கலாம். கீரையை ஒரே நாளில் விதைக்காமல், 10 நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும். 25 நாளில் அறுக்கலாம். வேலியோரம் இரண்டு முருங்கை போதும். பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 முருங்கை விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். எலுமிச்சை ஒன்று, கொய்யா ஒன்று, நெல்லி ஒன்று கட்டாயம் வையுங்கள். கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால்தான் அதிலுள்ள இரும்பு உடலில் நன்கு ஒட்டும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் அது தடைப்படும். குளியலறைத் தண்ணீரை வீணாக்காமல் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். நாட்டுக்கோழி ஆறு வளர்த்தால் பிள்ளைகளுக்கு முட்டைக்குப் பஞ்சமிராது.

ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது கொக்கிப் புழு பாதத்தின் வழியே உடலுக்குள் புகுந்து இரத்தத்தைக் குடிக்கிறது. பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். கழிப்பறையைப் பயன்படுத்தப் பழக்குங்கள். பள்ளியில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையையும் குடற்புழு மாத்திரையையும் தூக்கி எறியாமல் உட்கொள்ளச் சொல்லுங்கள்.

படிப்பும் பண்ணையும்

மூத்தவள் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், இளையவள் படிக்கட்டும் என்று சில வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். பெண் பருவம் எய்தியதும் பள்ளியை நிறுத்துவோரும் உண்டு. இரண்டும் கூடாது. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதோடு, முதிராத உடலில் பிள்ளைப்பேறு தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

அதே சமயம், படிக்கிற பெண்ணுக்குக் காடு தெரியக்கூடாது என்பதில்லை. பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், வயதுக்கேற்ற வேலையைக் கற்றுக் கொடுங்கள்.

ஆறு முதல் ஒன்பது வயதில் ஆளுக்கொரு கீரைப்பாத்தி கொடுங்கள். விதைத்த நாளையும் அறுத்த நாளையும் அவர்களே குறிக்கட்டும். பொறிவண்டையும் அதன் புழுவையும் காட்டி, இது அசுவினியைத் தின்னும் நண்பன் என்று சொல்லுங்கள்.

பத்து முதல் பதிமூன்று வயதில் கணக்கு நோட்டை ஒப்படையுங்கள். உழவுக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, பால் எத்தனை லிட்டர், கைக்கு வந்தது எவ்வளவு என்று எழுதட்டும். பல பண்ணைகளில் நட்டம் எங்கே என்று தெரியாததற்குக் காரணம் கணக்கு இல்லாததே.

பதினான்கு வயதுக்கு மேல் விதையை முளைப்புக்குச் சோதிக்கலாம். ஈரச் சாக்கில் 100 நெல்லைப் பரப்பிச் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ண வேண்டும். 80க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம். பத்து லிட்டர் தண்ணீரில் புதிய கோழிமுட்டையைப் போட்டு, முட்டை மேலே மிதந்து காசளவு தெரியும்வரை உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும். அடியில் தங்கிய நெல்லை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைக்கலாம். மண் மாதிரி எடுப்பதையும் இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியும். நெல் வயலில் அரையடி ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி வெட்டி, பத்துப் பதினைந்து இடத்தில் மண் சுரண்டி, கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்பினால் போதும்.

பிளஸ் டூ முடித்த பெண் வேளாண்மைப் பட்டப்படிப்பில் சேரலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு தரும் சட்டம் 2021இல் தமிழ்நாட்டில் வந்தது. வேறு படிப்பைத் தேர்ந்தெடுத்து வேலைக்குப் போனாலும் சரியே. நிலத்தின் கணக்குத் தெரிந்த பெண்ணை யாரும் ஏமாற்றிக் கையெழுத்து வாங்க முடியாது.

பூட்டி வைக்க வேண்டியவை

பூச்சிமருந்து எந்த நிறக் குறியுடையது என்றாலும் வீட்டுக்குள் வைக்கக் கூடாது. காட்டுக் கொட்டகையில் பூட்டுள்ள பெட்டியில் வைத்து, சாவியைப் பெரியவர்கள் வைத்திருக்க வேண்டும். மீதியைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது பெரும் ஆபத்து. சிறு குழந்தை அறியாமல் குடித்துவிடும். தேர்விலோ வீட்டிலோ ஏற்பட்ட மனவருத்தத்தில் ஒரு பெண் ஒரு நிமிடத்தில் எடுக்கும் முடிவுக்கும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. அந்த நிமிடம் கடந்துவிட்டால் பிள்ளை பிழைத்துக் கொள்ளும். மதிப்பெண் குறைந்தால் அடிக்காமல், திட்டாமல் பேசுங்கள்.

மருந்து கலக்கவோ தெளிக்கவோ பிள்ளைகளை அனுப்பாதீர்கள். கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டுங்கள். தீவனம் வெட்டும் இயந்திரம், மோட்டார் பெல்ட் அருகே பின்னலும் தாவணியும் தொங்கக் கூடாது.

சேமிப்பு

அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு 2015இல் தொடங்கப்பட்டது. பெண்ணுக்குப் பத்து வயது முடியும் முன் திறக்க வேண்டும். ஒரு வீட்டில் இரு பெண்களுக்குத் தனித்தனியே திறக்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் கணக்கு நிற்கும். 15 ஆண்டு கட்டி, 21ஆம் ஆண்டு முதிர்வுத் தொகை பெறலாம். 18 வயதுக்குப் பின் மேற்படிப்புக்காகப் பாதிவரை எடுக்கலாம். மாதம் 250 ரூபாய் கட்டினால் 15 ஆண்டில் கட்டிய பணம் மட்டும் 45,000 ரூபாய். வட்டி தனி.

பணத்துக்கு வழி வேண்டுமே என்பீர்கள். ஆளுக்கொரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கி, அவரவர் பெயர் சொல்லி வளர்க்கச் சொல்லுங்கள். ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம்தான். குட்டி விற்ற காசு அந்தந்தப் பெண்ணின் கணக்குக்கே போக வேண்டும். அவசரச் செலவுக்கு அதை எடுத்தால் பிள்ளைக்கு ஆடு வளர்க்கும் ஊக்கம் போய்விடும்.

நீண்ட காலப் பயிர்

இனி நிலத்துக்கு வருவோம். நெட்டைத் தென்னை நட்ட ஆறு ஏழு ஆண்டில் காய்க்கத் தொடங்கி, அறுபது ஆண்டுக்கு மேல் பலன் தரும். இன்று உங்கள் பெண்ணுக்கு ஆறு வயது என்றால், அவள் பதிமூன்று வயதில் முதல் குலையைப் பார்ப்பாள். அவள் பிள்ளைகளும் இளநீர் குடிப்பார்கள். வரப்போரம் ஒற்றை வரிசையாக 20 அடிக்கு ஒன்று வைக்கலாம். மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, ஆனி, ஆடியிலோ மார்கழி, தையிலோ நடலாம். ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் இடுவதை நிறுத்தாதீர்கள். குளத்து வண்டல் கிடைத்தால் அடியுங்கள்.

கல்யாணச் செலவுக்கு நிலத்தை விற்பதற்குமுன், அந்த நிலம் யாருடைய பங்கு என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெண்ணுக்குச் சொந்தமானதை விற்று, வரதட்சணையாக வேறொரு வீட்டுக்குக் கொடுப்பதாகத்தான் அது முடிகிறது. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றம். எளிமையாகக் கல்யாணம் முடித்து, நிலத்தை நிலமாகவே விட்டுச் செல்வது இரு பெண்களுக்கும் நல்லது. வெளியூரில் வாழ்ந்தாலும் குத்தகைப் பணமோ தேங்காய் வருமானமோ அவர்கள் கைக்கு வந்துகொண்டிருக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை நான்கு. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இரு பெண்களுக்கும் அஞ்சலகக் கணக்கு திறங்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு வெளியேற்றிப் பூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரையும் காட்டுக்குக் கூட்டிப் போய், நான்கு எல்லைக் கற்களையும் காட்டுங்கள்.