நான்கு மரத் தூரம்

மறுநடவு செய்த செம்பனைக் காட்டில் காட்டுப்பன்றி ஒரே இரவில் செய்யும் சேதத்தை விடிந்ததும் பார்க்க வேண்டும். இளங்கன்றின் அடியைக் கிளறிச் சாய்த்து, உள்ளிருக்கும் குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும். அந்தக் கன்று அதன் பிறகு தேறாது. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் பன்றி சுட வருகிறவர் தோளில் இருப்பது பெரிய ரைபிள் அல்ல. நடுவில் மடங்கும் 12 போர் துப்பாக்கி, மலாய்க்காரர்கள் சொல்லும் செனாப்பாங் பாத்தா. அது ஏன் என்பதற்கான பதில் அதன் தோட்டாவுக்குள் இருக்கிறது.

ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர். ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் விட்டம். 20 போர் குழல் இதைவிடச் சிறியது. அதன் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது அழகுக்காக அல்ல. அது தவறுதலாக 12 போர் குழலுக்குள் விழுந்தால் உள்ளே நழுவிப்போய்ச் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்துவிடும்.

பன்றிக்குப் போடுவது எஸ்ஜி தோட்டா. பித்தளை அடிப்பாகத்தின் நடுவில் சிறு பொட்டு வெடி; அதன் மேல் வெடிமருந்து, அடைப்பு, கடைசியில் ஈயக் குண்டுகள். வழக்கமான தோட்டாவில் ஒன்பது குண்டுகள் இருக்கும், ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர், மூன்றரை கிராம். அடைப்புதான் முக்கியமானது. வெடிப்புகை குண்டுகளின் இடுக்கில் கசிந்து வீணாகாமல் தடுத்து, மொத்த அழுத்தத்தையும் குண்டுகளின் முதுகில் கொடுப்பது அதுதான். முன்பு தோட்டாவின் கூடு மெழுகு பூசிய காகிதம். மலாக்கா மழையில் ஈரம் ஏறினால் ஊதிப்போய்க் குழலில் இறுகிக்கொள்ளும். 1960களில் பிளாஸ்டிக் கூடு பரவிய பிறகே அந்தத் தொல்லை ஒழிந்தது.

குண்டுகள் வினாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் புறப்படுகின்றன. ஆனால் உருண்டைக்குக் காற்றைக் கிழிக்கத் தெரியாது. வேகம் விரைவாகக் குறையும். குண்டுகளும் விலகிப் பரவும். 35 மீட்டருக்கு அப்பால் ஒன்றிரண்டு மட்டுமே பன்றியில் படலாம். அது சாகாமல் புண்ணோடு ஓடும். செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். ஆக, நான்கு மரத் தூரம். அதற்கு மேல் சுடுவது அந்த விலங்குக்குச் செய்யும் கொடுமை என்றே நான் நினைக்கிறேன்.

தோட்டத்துக்கு இந்தக் குறைந்த வீச்சுதான் வேண்டும். இலக்குச் சுடும் போட்டிகளில் பயன்படும் சின்னஞ்சிறு .22 ரைபிள் குண்டுகூட ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும்; .303 குண்டு மூன்று கிலோமீட்டரையும் தாண்டும். செம்பனை வரிசை முடிகிற இடத்தில் லயம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

துப்பாக்கிக்குக் காவல்துறையின் லைசென்ஸ் வேண்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. பன்றியைச் சுட, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியும் தனியாக வேண்டும். எஸ்ஜி குண்டையும் லேசாக நினைக்க முடியாது. குறி தவறி மேல்நோக்கிப் போனால் 600 மீட்டர் தள்ளியும் விழும். அதனால் விசையைத் தொடுமுன் பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் அன்றைக்குப் பன்றியைப் போகவிட வேண்டியதுதான்.