பட்டச் சறுக்கல் கைப்பம்பு: துப்புரவும் பராமரிப்பும்

பட்டச் சறுக்கல் கைப்பம்பு என்பது, கைட் சர்ஃபிங் எனப்படும் கடல் விளையாட்டில் பயன்படும் பெரிய பட்டத்தின் குழாய்களுக்குள் காற்றை நிரப்பும் கருவி ஆகும். அடியிலுள்ள மிதிபலகையை இரண்டு பாதங்களாலும் அழுத்தி மிதித்துக்கொண்டு, மேலுள்ள கைப்பிடியைத் தூக்கி இறக்கி இதனை இயக்குவர். பார்ப்பதற்குச் சைக்கிள் பம்பின் அண்ணன் போல இருக்கும். வேலை செய்யும் முறையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் சைக்கிள் பம்பு வீட்டுத் திண்ணையில் கிடப்பது. இது மணலிலும் உப்புநீரிலும் கிடப்பது. இதன் பராமரிப்பு வேறாக இருப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

பட்டத்துக்கு ஏன் பம்பு?

பிரான்சின் பிரித்தானி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ லெகெய்னூ, டொமினிக் லெகெய்னூ என்னும் சகோதரர்கள், காற்றடைத்த குழாய்களைச் சட்டகமாகக் கொண்ட பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரினர். பட்டம் நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும், மீண்டும் எழ வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். 1997-இல் 'விபிகா' என்ற பெயரில் இவ்வகைப் பட்டங்கள் விற்பனைக்கு வந்த பின்னரே விளையாட்டு பரவியது. (ஒலிம்பிக் போட்டியில் 2024-இல் சேர்க்கப்பட்ட பட்டச் சறுக்கலில் வீரர்கள் பறக்கவிடுபவை வேறு வகையானவை. அவை முன்புறத் திறப்புகளின் வழியே ஓடும் காற்றையே உள்வாங்கி விரிபவை. அவற்றுக்குப் பம்பு தேவையில்லை.)

காற்றடைக்கும் பட்டத்தில் முன்விளிம்பு நெடுகிலும் ஒரு தடித்த குழாயும், அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் மெல்லிய குழாய்களும் உண்டு. பட்டத்தின் வடிவத்தைத் தாங்கிப் பிடிப்பவை இவையே. இவற்றில் இருக்க வேண்டிய அழுத்தம் பெரும்பாலும் 6 முதல் 10 பிஎஸ்ஐ வரை. பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தின் மீது இத்தனை பவுண்டு விசை என்னும் அளவு. சிறிய பட்டங்களின் குழாய்கள் மெலிந்தவை என்பதால் அவற்றுக்கு அழுத்தம் சற்றுக் கூடுதலாக வேண்டும். சரியான அளவு பட்டத்தின் மீதே அச்சிடப்பட்டிருக்கும்.

அழுத்தம் குறைந்தால் வருவது வெறும் அசௌகரியம் அன்று. பலமான காற்று வீசும்போது முன்விளிம்புக் குழாய் நடுவில் மடங்கும். பட்டம் உருக்குலைந்து நீரில் விழும். தளர்ந்த குழாய் நீரின் எடையை எதிர்த்து நிமிராததால், விழுந்த பட்டத்தை மறுபடி எழுப்புவதும் கடினம். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தால், சறுக்குபவர் நிமிடத்துக்கு நிமிடம் கரையை விட்டு விலகிப் போவார். கரையில் பத்து நிமிடம் ஒதுக்கிப் பார்க்காத ஒரு ரப்பர் வளையம் அங்கே வந்து நிற்கும்.

பம்பின் உள்ளே

ஓர் அகன்ற பிளாஸ்டிக் உருளை. அதனுள் மேலும் கீழும் நகரும் பிஸ்டன். பிஸ்டனையும் கைப்பிடியையும் இணைக்கும் தண்டு. தண்டு நுழையும் மேல்மூடி. அடியில் ஒருவழி வால்வு, அழுத்தமானி, காற்றைப் பட்டத்துக்குக் கொண்டுசெல்லும் நெளிகுழாய், அதன் நுனியில் பட்டத்தின் வாயோடு பொருந்தும் முனை. இவ்வளவுதான்.

பிஸ்டனின் விளிம்பில் வெட்டப்பட்ட பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் அமர்ந்திருக்கும். இதனை 'ஓ ரிங்' என்பர். பழைய சைக்கிள் பம்பில் தோல் வாஷர் செய்த வேலையை இங்கே இது செய்கிறது. பல எளிய பம்புகளில் இந்த வளையம் பள்ளத்துக்குள் சற்றே அசையும்படி தளர்வாக விடப்பட்டிருக்கும். கைப்பிடியைத் தூக்கும்போது வளையம் பள்ளத்தின் ஒருபுறம் நகர்ந்து, வெளிக்காற்றைக் கீழே விடும். அழுத்தும்போது மறுபுறம் நகர்ந்து, உருளையின் சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். ஆகவே வளையம் அடைப்பானாகவும் வால்வாகவும் ஒரே நேரத்தில் பணிபுரிகிறது. இரு திசையிலும் காற்றைத் தள்ளும் இரட்டைச் செயல் பம்புகளில் அமைப்பு சற்றுச் சிக்கலானது. மேல்மூடியிலும் தண்டைச் சுற்றி ஓர் அடைப்பான் இருக்கும்.

பட்டத்துக்கு வேண்டியது குறைந்த அழுத்தத்தில் மிகுந்த காற்று என்பதால் உருளை அகலமாக அமைக்கப்படுகிறது. அந்த அகலத்துக்கு ஒரு விலை உண்டு. உருளையின் உள்விட்டம் 10 செ.மீ. என்று கொண்டால் பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர செ.மீ. அழுத்தம் 8 பிஎஸ்ஐ ஆகும்போது கைப்பிடியின் மேல் கொடுக்க வேண்டிய விசை சுமார் 44 கிலோகிராம் எடைக்குச் சமம். கடைசிச் சில அடிகளுக்குக் கையின் பலம் போதாமல் உடலின் எடையையே அதன்மேல் போட வேண்டியிருப்பது இதனால்தான். அப்படி எடையைப் போடும்போது பம்பு சாய்ந்திருந்தால் தண்டு வளையும். பிஸ்டன் ஒருபக்கமாக உரசி, வளையமும் ஒருபக்கமாகத் தேயும். பம்பை எப்போதும் செங்குத்தாகப் பிடித்து அடிப்பதே முதல் பராமரிப்பு எனலாம்.

மணலும் உப்பும்

பம்பின் ஆயுளைக் குறைப்பதில் முதலிடம் மணலுக்கு. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் பிளாஸ்டிக்கை விட மிகவும் கடினமானது. வளையத்துக்கும் சுவருக்கும் இடையே சிக்கிய ஒரு துகள், ஒவ்வோர் அடியிலும் சுவரில் நீளவாக்கில் ஒரு கோடு கிழிக்கும். அந்தக் கோட்டின் வழியே காற்று கசியும். தேய்ந்த வளையத்தை மாற்றிவிடலாம். கீறல் விழுந்த உருளையை மாற்ற முடியாது.

ஸ்பெயினின் தென்முனையில், ஜிப்ரால்டர் நீரிணையை ஒட்டியுள்ள தரீஃபா இவ்விளையாட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே கிழக்கிலிருந்து வீசும் 'லெவாந்தே' காற்று பலமானது. கரை மணலை வாரி இறைக்கும். இத்தகைய இடத்தில் பம்பைத் தரையில் கிடத்தி வைப்பது, அதற்குள் மணலை அள்ளிப் போடுவதற்குச் சமம். இலங்கையின் கற்பிட்டியில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பலர் களப்பில் சறுக்குகின்றனர். அங்கு மணலோடு ஈரப்பதமும் சேர்கிறது. காய்ந்த கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையது. எனவே கழுவாமல் வைத்த பம்பின் திருகுகளும், அழுத்தமானியின் உலோகப் பகுதிகளும் நனைந்தபடியே இருந்து துருப்பிடிக்கும்.

மணல் பம்போடு நின்றுவிடுவதில்லை. நெளிகுழாய் வழியாகப் பட்டத்தின் வாய்க்குள் போகும். அங்குள்ள வால்வின் இதழில் ஒரு துகள் மாட்டினாலும் இதழ் முழுமையாக மூடாது. கரையில் கல்லுப்போல் இருந்த பட்டம் அரைமணி நேரத்தில் கடலில் தளர்வது பெரும்பாலும் இவ்வகைக் கசிவால்தான். பட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பம்பின் முனையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பயன்படுத்தாத நேரத்தில் நெளிகுழாயின் முனையைத் தரையில் விடாமல் பம்பிலேயே மாட்டி வைக்க வேண்டும். பட்டத்தோடு இணைப்பதற்கு முன் முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து இரண்டு முறை வெறுமனே அடித்தால், குழாய்க்குள் இருக்கும் மணல் வெளியே பறந்துவிடும். ஐந்து நொடி வேலை.

கழற்றித் துப்புரவு செய்தல்

ஒவ்வொரு நாள் விளையாட்டுக்குப் பிறகும் வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். கழுவும்போது பிஸ்டன் முழுவதும் கீழே இறங்கியிருக்க வேண்டும். தண்டைத் தூக்கி வைத்துக் கழுவினால் அதில் ஒட்டிய மணல் தண்ணீரோடு உள்ளே போகும். உள்ளே கழற்றித் துடைப்பது சில வாரங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை. நறநறவென்ற ஓசை கேட்டால் மட்டும் அன்றைக்கே செய்ய வேண்டும், அதற்கு மேல் ஓர் அடிகூட அடிக்கக் கூடாது.

முதலில் மேல்மூடியைச் சுற்றியுள்ள மணலை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் மூடியைத் திறந்தால் வெளியே இருந்த மணலே உள்ளே விழும். மூடி சில பம்புகளில் மரைமூடியாகவும், சிலவற்றில் திருகாணிகளால் இறுக்கப்பட்டும் இருக்கும். திறந்ததும் பிஸ்டனை நேராக மேலே உருவி, சுத்தமான துணியின் மேல் வைக்க வேண்டும். வளையத்தைப் பள்ளத்திலிருந்து எடுக்கக் கத்தியோ திருப்புளியோ ஆகாது. விரல்களால் ஒருபக்கம் கிள்ளி உப்பச் செய்து, கரண்டிக் காம்பு போன்ற மழுங்கிய பொருளால் நெம்பலாம்.

பிறகு உருளை, பிஸ்டன், வளையம் மூன்றையும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் முற்றிலும் உலர விட வேண்டும். பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் துடைக்கக் கூடாது; அவை பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடும். பழைய பசை சேர்ந்திருக்கும் பள்ளத்தைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைப்பது வசதியாக இருக்கும். மணல் துகள்கள் தங்குவது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில்தான்.

வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். வெட்டு, வெடிப்பு, ஒருபக்கம் தட்டையாகிப் போன இடம், இவற்றில் எது இருந்தாலும் மாற்றிவிடுவதே சரி. பம்பின் நிறுவனம் தரும் வளையம் கிடைக்காவிட்டால், ஹைட்ராலிக் உதிரிப்பாகக் கடைகளில் அளவு சொல்லி வாங்கலாம். பழைய வளையம் காலப்போக்கில் நீண்டிருக்கும் என்பதால் அதை மட்டும் அளந்து வாங்குவது ஏமாற்றம் தரும். பிஸ்டனைக் கையோடு கொண்டுபோவது நல்லது. புதிய வளையம் வரும்வரை, பள்ளத்தில் குழாய் வேலைக்குரிய டெஃப்லான் டேப்பை ஓரிரு சுற்றுச் சுற்றி அதன்மேல் பழைய வளையத்தைப் பொருத்தினால் அது சற்று உப்பிச் சுவரைத் தொடும். இது கடற்கரையில் சமாளிக்கும் வழி, நிலையான தீர்வு அன்று.

எந்த மசகு?

சைக்கிள் பம்பு அடைக்காவிட்டால் தோல் வாஷரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது நம்மூர்ப் பழக்கம். தோலுக்கு அது பொருத்தம்: எண்ணெயைக் குடித்துத் தோல் மிருதுவாகும். ரப்பர் வளையத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். உறையாத நாட்களில் சுவர் முழுவதும் பரவி மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும்.

கனிம எண்ணெய்களிலும் வாசலினிலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. நைட்ரைல் ரப்பர் அவற்றைத் தாங்கும். இயற்கை ரப்பரும், இபிடிஎம் என்ற செயற்கை ரப்பரும் அவற்றால் உப்பும். பம்பிலிருக்கும் வளையம் எந்த ரப்பர் என்பது கண்ணால் பார்த்துத் தெரிவதில்லை. இம்மூன்று வகைக்கும் தீங்கு செய்யாத சிலிக்கோன் கிரீஸே ஆகவே பாதுகாப்பான தேர்வு. துரு நீக்கும் தெளிப்பான்களைப் பலர் அடிக்கிறார்கள். அடித்தவுடன் பம்பு வழுக்கிக்கொண்டு போவது போலிருக்கும். ஆனால் அதிலுள்ள கரைப்பான் ஏற்கெனவே இருந்த கிரீஸையும் கரைத்துவிடும். ஒரு வாரத்தில் முன்னைவிட மோசமாகும்.

கிரீஸ் எவ்வளவு தடவுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். ஒரு பட்டாணி அளவை விரல்களுக்கிடையே தேய்த்து, வளையம் பளபளக்கும் அளவுக்குப் பூசினால் போதும். அப்பினால் கூடுதலாக இருப்பது மணலைச் சேர்க்கும்; வளையம் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல், தூக்கும்போது காற்று உள்ளே வராது. பிஸ்டனை உருளைக்குள் இறக்கும்போது சற்றே சுற்றியபடி இறக்க வேண்டும். மரைமூடியை முதலில் இடப்புறமாகத் திருப்பி, மரை பொருந்தும் சிறு 'டக்' ஒலி கேட்ட பின் வலப்புறமாக இறுக்கினால் மரை அழியாது.

பழுது எங்கே?

பள்ளி இயற்பியலில் படிக்கும் பாயில் விதி இங்கே கைகொடுக்கும். வளிமண்டல அழுத்தம் சுமார் 14.7 பிஎஸ்ஐ. பட்டத்துக்குள் அதற்கு மேல் 7 பிஎஸ்ஐ இருக்கும்போது, உருளையிலுள்ள காற்று மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிய பிறகுதான் பட்டத்துக்குள் நுழையவே தொடங்கும். அதாவது தொடக்கத்தில் அடியின் முழு நீளமும் பலன் தரும். முடிவில் முதல் மூன்றில் ஒரு பங்கு வெறும் அமுக்கலுக்கே போய்விடும். வளையம் கசிந்தால் அந்த அமுக்கும் நேரத்தில்தான் காற்று மேலே தப்பும். ஆகவே பாதி வரை நன்றாக அடைத்து, அதற்கு மேல் எவ்வளவு அடித்தாலும் முள் ஏறாத பம்பில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வளையத்தைத்தான்.

இதைச் சோதிக்க, நெளிகுழாயைக் கழற்றிவிட்டுப் பம்பின் வெளிவாயை உள்ளங்கையால் இறுக மூடி, கைப்பிடியை அழுத்த வேண்டும். பிஸ்டன் பஞ்சுமெத்தை போல எதிர்த்து நின்றால் வளையம் நலம். மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கசிவு. இச்சோதனையில் தேறிய பம்பு, குழாயை மாட்டியதும் தோற்றால் குற்றம் குழாயில். குழாய் பெரும்பாலும் இரு நுனிகளிலும், வளையும் இடத்தில்தான் வெடிக்கும். சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வெடித்த நுனியை வெட்டியெறிந்து, மீதியைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

கைப்பிடியை விட்டதும் அது தானாக முழு உயரத்துக்கும் எழுந்து வந்தால், அடியிலுள்ள ஒருவழி வால்வு மூடவில்லை என்று பொருள். அதையும் கழற்றி மணலைத் துடைக்க வேண்டும். சில அங்குலம் மட்டும் எழுவது இயல்பு. அடியில் எஞ்சிய காற்று விரிவதால் அது நிகழ்கிறது. பம்பின் அடிப்பாகம் சூடாவதும் பழுதன்று, அமுக்கப்படும் காற்று சூடாகும்.

அழுத்தமானியை முழுமையாக நம்புவதற்கில்லை. உப்பு ஏறிய மானி ஓரிடத்தில் சிக்கி நிற்கும், பூச்சியத்துக்குத் திரும்பாது. அடிக்கும்போது முள் துள்ளும் என்பதால் இரண்டு அடிகளுக்கு இடையே நிற்கும் அளவையே கொள்ள வேண்டும். அவ்வப்போது வேறொரு பம்பின் மானியோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. அனுபவமுள்ளோர் முன்விளிம்புக் குழாயை விரலால் சுண்டிப் பார்ப்பர். இறுகிய குழாய் 'டங்' என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

கயிறும் கொக்கியும்

காற்றடைக்கும் நேரத்தில் பட்டம் பறந்து போகாதபடி அதனைப் பம்போடு பிணைக்கும் ஒரு சிறு கயிறு உண்டு. மிதிபலகையில் நிற்பவரின் எடையே அப்போது பட்டத்துக்கு நங்கூரம். துப்புரவு செய்பவர்கள் எளிதில் மறப்பது இதைத்தான். கயிறு முடிச்சருகே நைந்திருக்கிறதா, கொக்கியின் வில் உப்பேறி மூடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பலத்த காற்றில் அது அறுந்தால், பாதி காற்றடைத்த பட்டம் கரையில் இருப்பவர்கள் மேல் உருண்டு போகும். நைந்த கயிறு மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு; இரண்டு கஜம் நைலான் கயிறு போதும்.

பம்பை வெயிலில் விட்டுவைக்கக் கூடாது. புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும். முதலில் விரிசல் விடுவது மிதிபலகையாகவோ கைப்பிடி சேருமிடமாகவோ இருக்கும். பருவம் முடிந்து மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால், கழுவி உலர்த்திக் கிரீஸ் பூசி, பிஸ்டனைக் கீழே இறக்கி, முனையைத் துணியால் கட்டி வைக்கலாம். மாற்று வளையம் ஒன்றையும் சிறு கிரீஸ் டப்பாவையும் அதே பையில் போட்டுவைத்தால், அடுத்த பருவத்தில் தேட வேண்டியிருக்காது.